1971 எம்ஜிபி வாங்கப் போறேன், எதையெல்லாம் பார்க்கணும்? (வண்டி பெங்களூருல, நான் தர்மபுரியில)

தகடூரான் | தர்மபுரி

எல்லாருக்கும் வணக்கம். வீடு தர்மபுரி, வேலை ஓசூர் சிப்காட்ல. பெங்களூருல ஒரு பெரியவர்கிட்ட 1971 எம்ஜிபி (இங்கிலாந்து எம்ஜி கம்பெனியோட ஸ்போர்ட்ஸ் கார்) ஒண்ணு விலைக்கு வந்திருக்கு. ரெண்டு சீட், துணிக் கூரை, ஸ்டீயரிங் நம்ம ஊர் மாதிரி வலது பக்கம். ஃபோட்டோவுல சிவப்பு பெயிண்ட் பளபளன்னு இருக்கு. வர்ற ஞாயிறு போய்ப் பார்க்கிறதா பேச்சு.

பத்து வயசுல அப்பாவோட காவேரிப்பட்டணம் ரோட்டோரம் இளநீர் குடிச்சுக்கிட்டு நின்னப்போ, கூரை இல்லாத பச்சை வண்டி ஒண்ணு எங்களைத் தாண்டிப் போச்சு. அந்தச் சத்தம் இன்னும் காதுல இருக்கு. அது எம்ஜின்னு தெரிஞ்சுக்கவே பல வருஷம் ஆச்சு.

ஒன்பது வருஷமா சேர்த்த பணம். தப்பான வண்டியில போட்டுட்டா மறுபடி சேர்க்க எனக்குத் தெம்பு இல்ல. பெரிய பயம் எஞ்சின்தான். வெளிநாட்டு எஞ்சின்ல நம்ம ஊர்ல யார் கை வைப்பாங்க? எங்க பெரியப்பா தர்மபுரி பஸ் ஸ்டாண்டுல இருபது வருஷம் அம்பாசடர் டாக்சி ஓட்டினவர். அவரே "எதுக்குடா இந்த வம்பு"ங்கறார். அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

ஓசூர் ஸ்பேனர் | ஓசூர்

தம்பி, எஞ்சின் பயத்தை முதல்ல இறக்கி வைங்க. எம்ஜிபியில இருக்கிறது பிஎம்சிங்கற பிரிட்டிஷ் கம்பெனியோட பி-சீரிஸ் எஞ்சின். உங்க பெரியப்பா ஓட்டின பெட்ரோல் அம்பாசடர்ல 1489 சிசியில இருந்ததும் அதே குடும்பம்தான். 1955ல வந்த எம்ஜிஏ ஸ்போர்ட்ஸ் காரும் அந்த 1489 சிசியோடதான் வந்துச்சு. 1962ல எம்ஜிபி வந்தப்போ அதையே 1798 சிசியா பெருசாக்கினாங்க. அம்பாசடர்ல கை பழகின பழைய மேஸ்திரி யாராவது தர்மபுரியில இன்னும் இருப்பாங்க. பெரியப்பாவையே கேளுங்க, அவருக்குத் தெரியாத பட்டறை இருக்காது. அவங்களைக் கூட்டிட்டுப் போங்க. எஸ்யூ கார்புரேட்டர் ரெண்டு இருக்கேன்னு மேஸ்திரி மலைக்க மாட்டார்.

போறதுக்கு முந்தின நாளே வண்டிக்காரர்கிட்ட சொல்லிடுங்க, "நான் வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்க சார்"னு. போனதும் முதல் வேலை ரேடியேட்டர் மேல கை வைக்கிறது. சில்லுனு இருக்கணும். சூடா இருந்தா டீ சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு வாங்க. பழைய எஞ்சின் சில்லுனு இருக்கும்போது எடுக்கிற முதல் அஞ்சு நிமிஷத்துலதான் உண்மையைச் சொல்லும். சூடு ஏறினபிறகு பிஸ்டன் ரிங் தேய்ஞ்சது, கார்புரேட்டர் ஒழுங்கில்லாதது எல்லாம் மறைஞ்சுக்கும்.

நல்லா சூடேறினபிறகு ஆயில் பிரஷர் பாருங்க. ஓடும்போது 50 பவுண்டுக்கு (பிஎஸ்ஐ) மேல நிக்கணும். ஐடிலிங்ல 10, 15க்கு வந்தா பயப்பட வேணாம், அதுக்கும் கீழ போனா பேரிங் வேலை இருக்கு. இறக்கத்துல ஆக்சிலேட்டரை விட்டுட்டு மறுபடி மிதிக்கும்போது பின்னாடி நீலப் புகை வந்தா வால்வு கைடு தேய்ஞ்சிருக்கு. ஏத்தத்துல விடாம நீலமா வந்தா ரிங். ரெண்டுமே செய்யக்கூடிய வேலைதான், விலையில பேசிக்கலாம்.

ஒண்ணு ஞாபகம் வச்சுக்கங்க. 1964 அக்டோபருக்கு முந்தின எஞ்சின்ல கிராங்குக்கு மூணு மெயின் பேரிங்தான். அதுக்குப் பிறகு அஞ்சு. 1971 வண்டியில அஞ்சுதான் இருக்கணும். எஞ்சின் நம்பர் 18ஜி, 18ஜிஏன்னு ஆரம்பிச்சா யாரோ பழைய எஞ்சினை இறக்கி வச்சிருக்காங்கன்னு அர்த்தம். அம்பாசடர் எஞ்சினையே வச்சு ஓட்டுற வண்டியும் நம்ம ஊர்ல உண்டு. ஓடும்தான், ஆனா அதுக்கு எம்ஜிபி விலை கொடுக்கக் கூடாது.

கிளட்ச் மிதிச்சா கிறீச்சுனு சத்தம் வருதான்னும் கேளுங்க. ரிலீஸ் பேரிங் கார்பன்ல செஞ்சது, தேய்ஞ்சுடும். சின்ன சாமான்தான். ஆனா அதை மாத்த எஞ்சினையே வெளிய தூக்கணும்.

பெண்ணாகரம் பொண்ணு | பெண்ணாகரம்

அண்ணா, எங்க வீட்டுல அப்பாவோட ஸ்டாண்டர்டு ஹெரால்டு இருக்கு. மெட்ராஸ்ல செஞ்ச வண்டி. அதை வச்சு நான் கத்துக்கிட்ட ஒரே ஒரு விஷயம் சொல்றேன், தண்ணி.

நம்ம மாவட்டத்து போர் தண்ணி எப்படின்னு உங்களுக்கே தெரியும். 2013ல ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வர்ற வரைக்கும் பல்லுல கறை ஏறின பிள்ளைங்களைத்தான் எங்க பள்ளிக்கூடத்துல பார்த்தோம். அது ஃப்ளோரைடு. அதோட உப்பும் சேர்ந்த அந்தத் தண்ணியையே வருஷக்கணக்கா ரேடியேட்டர்ல ஊத்தினா உள்ள வெள்ளையா படிஞ்சு கல்லாகிடும். எங்க வண்டி சூடாகி சூடாகி நின்னப்போ மூணு பேர் மூணு காரணம் சொன்னாங்க. கடைசியில ரேடியேட்டரைக் கழட்டி மேல் தொட்டியைத் திறந்தா, குழாய்ல பாதிக்கு மேல அடைப்பு. டீ போடுற பாத்திரத்து அடியில படியும்ல, அதே மாதிரி.

வண்டி சில்லுனு இருக்கும்போது மூடியைத் திறந்து விரலை விட்டுப் பாருங்க. பச்சையோ நீலமோ கூலண்ட் இருந்தா சந்தோஷம். துரு நிறத்துல கலங்கலா இருந்தா இத்தனை வருஷம் குழாய்த் தண்ணிதான் ஊத்தியிருக்காங்க. மாவு மாதிரி விரல்ல ஒட்டினா எஞ்சின் பிளாக்குள்ளயும் அதேதான். மேல எண்ணெய் மிதந்தா ஹெட் கேஸ்கெட் போயிருக்கு.

பெங்களூர்க் குளிர்ல அரை மணி நேரம் ஓட்டிட்டு "சூடாகவே இல்ல"ன்னு முடிவு பண்ணிடாதீங்க அண்ணா. ஏப்ரல் மாசம் மத்தியானம் சேலத்துலருந்து தொப்பூர் ஏறி வரணும் அந்த வண்டி.

பர்கூர் டிங்கர் | பர்கூர்

முப்பத்திரண்டு வருஷமா தகடு தட்டுறேன். எல்லாரும் எஞ்சினைப் பத்தியே பேசுறீங்க. நான் பாடியைப் பத்தி விரிவா எழுதறேன், பொறுமையா படிங்க தம்பி.

அந்தப் பொண்ணு சொன்ன ஹெரால்டுக்கு அடியில தனியா சேஸ் உண்டு. பாடி துருப்பிடிச்சா பாடியைத் தூக்கிட்டு வேலை செய்யலாம். எம்ஜிஏவுக்கும் சேஸ் உண்டு. எம்ஜிபிக்குக் கிடையாது. பாடியேதான் சேஸ். கூரையும் இல்லாத வண்டி, அப்போ நடுவுல வண்டியை வளையாம பிடிச்சுக்கிறது எது? கதவுக்குக் கீழ ரெண்டு பக்கமும் ஓடுற சில்லுதான். கால் வச்சு ஏறுற இடம். வெளித்தகடு, நடுத்தகடு, உள்தகடுன்னு மூணு அடுக்குப் பெட்டி அது. வெளித்தகட்டைப் புதுசா போட்டு பெயிண்ட் அடிச்சா ஒரு குறையும் தெரியாது. உள்ள நடுத்தகடு அரிச்சுப்போய் சல்லடையா இருக்கும். வீட்டுக்கு முதுகெலும்பு உத்திரம். உத்திரம் செல்லரிச்சிருக்கும்போது சுவத்துக்குச் சுண்ணாம்பு அடிக்கிற வேலை அது.

எப்படிப் பார்க்கிறது? காந்தம் எடுத்துட்டுப் போங்க. ரொம்பப் பலமான காந்தம் வேணாம், அது பட்டிக்கு (ஓட்டையை மூட அப்புற பூச்சு) மேலயும் ஒட்டிக்கும். பழைய ரேடியோ ஸ்பீக்கர் காந்தம் சின்னது போதும். கைக்குட்டையில சுத்திக்கங்க, அடுத்தவர் வண்டி பெயிண்டுல கீறல் விழக்கூடாது. முன் சக்கரத்துக்குப் பின்னாடி, கதவுக்கு முன்னாடி ஒரு சாண் இடம் இருக்கு பாருங்க, அங்கேருந்து ஆரம்பிங்க. சக்கரம் வாரி அடிக்கிற சேறு உள்ள போய்த் தங்குற பை மாதிரி இடம் அது. அப்படியே சில்லு மேல பின் சக்கரம் வரைக்கும் நகர்த்திட்டே போங்க. எங்க காந்தம் பிடி விட்டு வழுக்குதோ அங்க தகடு இல்ல, பட்டி.

அடுத்தது கதவு. கதவுக்கும் பின் பாடிக்கும் நடுவுல இருக்கிற இடைவெளியைக் கண்ணால அளங்க. மேலயும் கீழயும் ஒரே அளவா இருக்கணும். இப்போ ஜாக்கி போட்டு ஒரு பக்கத்தைத் தூக்குங்க. தூக்கினபிறகு மறுபடி அந்த இடைவெளியைப் பாருங்க. மேல் பக்கம் நெருங்கிடுச்சா, கதவைத் திறந்தா பிடிக்குதா, வண்டி நடுவுல வளையுது. ஜாக்கி வைக்கிற இடமே பொத்துனு உள்ள போனா அதுக்கு மேல பார்க்க ஒண்ணும் இல்ல, பெரியவருக்கு நன்றி சொல்லிட்டுக் கிளம்புங்க.

சீட்டுக்குப் பின்னாடி ஒரு மூடி இருக்கும். 1974 வரைக்கும் அங்க ரெண்டு 6 வோல்ட் பேட்டரி, ரெண்டு தொட்டியில. ஆசிட் சிந்தி சிந்தித் தொட்டி அடி இல்லாமலே போயிருக்கும். டார்ச் அடிச்சுப் பாருங்க. கால் மிதி கார்பெட்டைத் தூக்கித் தரையைக் கட்டை விரலால அழுத்துங்க. பின் ஸ்பிரிங் பட்டை மாட்டுற கொக்கி இடத்துல ஸ்க்ரூ டிரைவர் பிடியால தட்டுங்க. நல்ல தகடு டங்னு பேசும், கெட்டது தொப்புனு சொல்லும்.

வண்டி எந்த ஊர்ல வளர்ந்ததுன்னு கேளுங்க. பெங்களூர், மைசூர், நம்ம கிருஷ்ணகிரின்னா காத்துல உப்பு இல்ல. நடுவுல பத்து வருஷம் மங்களூர்லயோ மெட்ராஸ் பெசன்ட் நகர்லயோ நின்ன வண்டின்னா எனக்கு நம்பிக்கை இல்ல.

சேலம் பைபாஸ் | தொப்பூர்

டிங்கர் அண்ணன் சொல்றதை நான் ஒத்துக்க மாட்டேன். தகட்டு வேலைக்கு நம்ம ஊர்ல ஆள் இருக்கு, கூலியும் கம்மி. எஞ்சின் சாமான்தான் வெளிநாட்டுலருந்து வரணும், கஸ்டம்ஸ் டியூட்டி கட்டணும். நான்னா நல்ல எஞ்சின் இருக்கிற வண்டியைத்தான் வாங்குவேன்.

பர்கூர் டிங்கர் | பர்கூர்

தம்பி, கூலி கம்மிங்கறது நிஜம். ஆனா எம்ஜிபி சில்லு மாத்துறதுன்னா அம்பாசடர் மட்கார்டுல ஒட்டுப் போடுற மாதிரி இல்ல. கதவு வாசலுக்குக் குறுக்கே இரும்புப் பைப் வச்சு வெல்டு பண்ணி, பாடியை அசையாம பிடிச்சு, அப்புறம்தான் பழைய சில்லை அறுக்கணும். ஜாக்கி மேல நிறுத்தி அறுத்தா பாடி தொங்கின நிலையிலயே புதுத் தகடு உட்கார்ந்துடும். பிறகு ஜென்மத்துக்கும் கதவு சரியா மூடாது. அப்படிக் கெடுத்துட்டு என் பட்டறைக்கு வந்த வண்டியைத் திரும்ப அறுத்துச் செஞ்சிருக்கேன். ரெண்டாவது தடவை செய்யறது முதல் தடவையை விட மூணு மடங்கு வேலை. பிஸ்டனும் ரிங்கும் பார்சல்ல வந்துடும். நேரா இருக்கிற பாடி பார்சல்ல வராது.

(இங்கிலாந்துல 1988லருந்து பழைய அச்சுலயே புது எம்ஜிபி பாடி செஞ்சு விக்கிறாங்க, அது எனக்கும் தெரியும். அதைக் கப்பல்ல கொண்டாந்து இறக்குற காசுக்கு இங்க நல்ல வண்டியே வாங்கிடலாம்.)

காகிதம் பார்த்தீங்களா | கிருஷ்ணகிரி

பாடி, எஞ்சின் எல்லாம் சரி. ஆர்சி யார் பேர்ல இருக்கு? அதைக் கேட்காம பெங்களூருக்கு பெட்ரோல் போடாதீங்க சார்.

இந்த வண்டி இந்தியாவுல செஞ்சது இல்ல. இங்கிலாந்துல அபிங்டன்ல செஞ்சது. அப்போ எப்படி உள்ள வந்துச்சுன்னு ஒரு கதை இருக்கணும், அந்தக் கதைக்குக் காகிதம் இருக்கணும். டியூட்டி கட்டி இறக்கின வண்டின்னா பில் ஆஃப் என்ட்ரிங்கற கஸ்டம்ஸ் காகிதம் இருக்கும். தூதரகத்துக்காரங்க கொண்டுவந்து, பிறகு அரசாங்கத்தோட ஸ்டேட் டிரேடிங் கார்ப்பரேஷன் வழியா வித்த வண்டின்னா அந்தக் கடிதம் இருக்கும். மூணாவது ஒண்ணு உண்டு, கார்னே. அந்தக் காலத்துல வெளிநாட்டுப் பயணிங்க தரைவழியா ஓட்டிட்டு வந்து, திருப்பிக் கொண்டுபோறேன்னு எழுதிக் கொடுத்துட்டு இங்கேயே வித்துட்டுப் போன வண்டிங்க. டியூட்டியே கட்டாத வண்டி. அது நாலு கை மாறி வந்தாலும் அரசாங்கம் எப்ப வேணா எடுத்துக்கலாம். என் சொந்தக்காரர் ஒருத்தர் தரகர் பேச்சை நம்பி இப்படி ஒண்ணை வாங்கி, வண்டியும் போய், கொடுத்த காசும் போய், ரெண்டு வருஷம் வக்கீல் வீட்டுக்கு நடந்தார். எங்க குடும்பத்துல அந்தக் காயம் இன்னும் ஆறல. அதனாலதான் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்.

அடுத்தது நம்பர். பானெட்டைத் திறந்தா சேஸிஸ் நம்பர் தகடு இருக்கும். 1971 ரெண்டு சீட்டு வண்டிக்கு ஜிஎச்என்5னு ஆரம்பிக்கும். ஜிஎச்டின்னா அது கூரை வச்ச ஜிடி மாடல். அந்த நம்பரும் எஞ்சின் மேல ரிவெட் அடிச்ச நம்பரும் ஆர்சியில இருக்கிறதோட எழுத்துக்கு எழுத்து ஒத்துப் போகணும். மங்கலா இருக்கு, பெயிண்ட் மூடிடுச்சுன்னா துடைச்சுப் பாருங்க. கெய்டன்ல இருக்கிற பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்துக்கு எழுதினா அந்த சேஸிஸ் நம்பருக்குத் தொழிற்சாலைப் பதிவேட்டுலருந்து சான்றிதழ் கொடுப்பாங்க. எந்த நிறத்துல, எந்த எஞ்சினோட, எந்த நாட்டுக்குப் போச்சுன்னு வரும்.

தகடூரான் | தர்மபுரி

ரொம்ப நன்றிங்க. ஒரு சந்தேகம். 50 வருஷம் தாண்டின வண்டிக்கு வின்டேஜ் பதிவுன்னு ஒண்ணு இருக்காமே? அதுல போட்டுட்டா எஃப்சி தொல்லை இல்லைன்னு விக்கிறவர் சொன்னார்.

காகிதம் பார்த்தீங்களா | கிருஷ்ணகிரி

2021 ஜூலையில மத்திய அரசு விதி கொண்டுவந்துச்சு. 50 வருஷம் தாண்டியிருக்கணும், பெருசா மாத்தியிருக்கக் கூடாது. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருஷத்துக்குச் செல்லும். நம்பர்ல விஏன்னு ரெண்டு எழுத்து வரும். ஏற்கெனவே பதிவான வண்டி பழைய நம்பரையே வச்சுக்கலாம்.

ஆனா சார், அந்தப் பதிவுல வண்டியைக் கண்காட்சி, ராலி, பெட்ரோல் போடுறது, பட்டறைக்குப் போறதுன்னு இதுக்குத்தான் ரோட்டுல எடுக்கலாம். தினசரி ஓட்டக் கூடாதுன்னு விதியே சொல்லுது. உங்க ஆசை எது? ஞாயித்துக்கிழமை வீட்டம்மாவை உட்கார வச்சு ஏற்காடு போறதா? அப்போ சாதாரண ஆர்சி உயிரோட இருக்கிற வண்டியைப் பாருங்க. அதுக்கும் செலவு இருக்கு. 20 வருஷம் தாண்டின காருக்கு ஆர்சி புதுப்பிக்கிற கட்டணத்தை 2025 ஆகஸ்ட்ல 10,000 ஆக்கிட்டாங்க. இறக்குமதி காருக்கு 80,000. அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை. இதோட எஃப்சி, பசுமை வரி. கேஏ நம்பர்னா என்ஓசி வாங்கி, நம்ம மாநில ஆயுள் வரி கட்டி, டிஎன் 29க்கு மாத்தணும். இது எல்லாத்தையும் ஒரு தாள்ல எழுதிக் கூட்டிட்டு அப்புறம் விலை பேசுங்க. அவர் ஆர்சி எந்தத் தேதி வரைக்கும்னு பரிவாஹன்ல நம்பரைப் போட்டா இப்பவே தெரிஞ்சுடும்.

ஓசூர் ஸ்பேனர் | ஓசூர்

ஓட்டிப் பார்க்கும்போது பார்க்க வேண்டியது, சுருக்கமா.

பிரேக். ஒரே சர்க்யூட் வண்டி, ஒரு இடத்துல ஆயில் கசிஞ்சா நாலு சக்கரத்துக்கும் பிரேக் இல்ல. நாலு சக்கரத்துக்கும் உள்பக்கம் ஈரம் இருக்கான்னு பாருங்க. மிதியை முப்பது எண்ணுற வரைக்கும் அழுத்திப் பிடிங்க, மெல்ல இறங்கினா மாஸ்டர் சிலிண்டர் போச்சு. தொப்பூர்ல லாரிக்குப் பின்னாடி இறங்கப் போறீங்க, இதுல தாட்சண்யம் பார்க்காதீங்க.

கம்பி வீல் இருந்தா ஸ்பேனரால ஒவ்வொரு கம்பியா தட்டிப் போங்க. எல்லாம் ஒரே சுருதியில பேசணும், பேசாதது தளர்ந்த கம்பி. முன்னாடி பின்னாடி மெல்ல நகர்த்தும்போது டக் டக்னு கேட்டா வீலும் ஹப்பும் கடிக்கிற பல் தேய்ஞ்சிருக்கு. வீலைக் கழட்டினா ஹப் பல்லு ரம்பம் மாதிரி கூரா இருக்கும். அப்படி இருந்தா ஹப்போட மாத்தணும்.

முன்சக்கரத்தை ஜாக்கியில தூக்கி மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டுங்க. ஆடுச்சுன்னா இன்னொருத்தரை பிரேக் மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்க. ஆட்டம் நின்னா பேரிங், நிக்கலைன்னா கிங்பின் (முன்சக்கரம் திரும்புற அச்சு). 3,000 மைலுக்கு ஒரு தடவை கிரீஸ் அடிக்கணும், யாரும் அடிக்கிறதில்ல.

ஓவர்டிரைவ் (எஞ்சின் சுத்தைக் குறைக்கிற கூடுதல் கியர்) இருந்தா அறுபது, எழுபதுல போகும்போது நாலாவது கியர்ல போடுங்க. ஆர்பிஎம் சட்டுனு அஞ்சுல ஒரு பங்கு குறையணும்.

டயர்ல நாலு இலக்கத் தேதி இருக்கும், வாரம் ரெண்டு, வருஷம் ரெண்டு. பட்டன் இருக்கேன்னு நம்பாதீங்க, இந்த வண்டி டயர் தேய்ஞ்சு போறதில்ல, நின்னே காய்ஞ்சு போகுது.

பெண்ணாகரம் பொண்ணு | பெண்ணாகரம்

பெட்ரோல் பைப்பையும் சேர்த்துக்கங்க அண்ணா. இப்ப பங்க்ல வர்றது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. பழைய ரப்பர் ஓஸ் ஊறி, உப்பி, உள்ள உதிருது. கையால வளைச்சா வெடிப்பு தெரியும். எங்க வண்டியில கசிஞ்சு சொட்டினது சைலன்சர் பக்கத்துல. அப்பா மூக்குதான் காப்பாத்துச்சு. எந்த வண்டி வாங்கினாலும் முதல் நாளே ஓஸ் எல்லாத்தையும் மாத்துங்க.

தகடூரான் | தர்மபுரி

போய்ட்டு வந்தேன். நடந்ததை அப்படியே எழுதறேன்.

பெரியப்பா வரமாட்டேன்னு சொன்னவர், காலையில அஞ்சு மணிக்கு வேட்டி மாத்திட்டு வாசல்ல நின்னார். அவரோட பழைய மேஸ்திரியையும் கூட்டிட்டு வந்தார். மேஸ்திரிக்கு எழுபத்தி நாலு வயசு. கிருஷ்ணகிரி தாண்டினதும் மேலுமலை ஏத்தத்துல ரெண்டு பேரும் அம்பாசடர் சூடாகி நின்ன கதை பேசிட்டே வந்தாங்க.

வண்டி நிழல்ல நின்னுச்சு. ரேடியேட்டர் சில்லுனு இருந்துச்சு, பெரியவர் சொன்ன வார்த்தையைக் காப்பாத்தியிருந்தார். சோக் இழுத்து ரெண்டாவது சுத்துல எடுத்துச்சு. மேஸ்திரி ஸ்க்ரூ டிரைவர் முனையை டேப்பட் கவர்ல வச்சு, பிடியைக் காதுல வச்சுக் கண்ணை மூடிக்கிட்டார். ரொம்ப நேரம் அப்படியே நின்னார். பிறகு பெரியப்பாவைப் பார்த்து, "நம்ம வண்டிதான்யா இது"ன்னார். அவர் முகத்துல அந்தச் சிரிப்பை நான் பார்த்ததே இல்ல. சூட்டுல ஆயில் பிரஷர் 60. கூலண்ட் பச்சை. கியர் வெண்ணெய். பில் ஆஃப் என்ட்ரி இருக்கு, நம்பர் எல்லாம் ஒத்துப்போச்சு. எனக்கு அங்கேயே அட்வான்ஸ் கொடுத்துடலாம் போல இருந்துச்சு.

அப்புறம் காந்தத்தை எடுத்தேன். வலது பக்கம் முன் சக்கரத்துக்குப் பின்னாடி வச்சேன். ஒட்டலை. கீழ நகர்த்தினேன், ஒட்டலை. சில்லுல ஒரு அடி தூரத்துக்கு எங்கயும் பிடிக்கலை, கைக்குட்டையோட வழுக்கி என் கைக்கே வந்துடுச்சு. இடது பக்கமும் அதே கதை. டிங்கர் அண்ணன் சொன்னபடி ஜாக்கி போட்டோம். ஒரு விரல் நுழையுற அளவு இருந்த கதவு இடைவெளி மேல் மூலையில மூடிக்கிட்டே வந்து, தாள் நுழையாம ஆயிடுச்சு. கதவைத் திறந்தேன், பாதியில பிடிச்சுக்கிச்சு.

பெரியவர் ஒண்ணும் பேசலை. என்கிட்டருந்து காந்தத்தை வாங்கி, மண்டி போட்டு உட்கார்ந்து அவரே ஒரு தடவை வச்சுப் பார்த்தார். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னாடி பெயிண்ட் அடிச்சுக் கொடுத்த பட்டறையில தகடு மாத்தியாச்சுன்னு சொல்லித்தான் காசு வாங்கியிருக்காங்க. அவர் ஏமாத்தலை, அவர்தான் ஏமாந்திருக்கார். எனக்கு வாய் வரலை.

விலையில மூணுல ஒரு பங்கு குறைச்சுக்கறேன்னார். ரெண்டு நாள் டைம் கேட்டிருக்கேன். டிங்கர் அண்ணா, நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. எஞ்சின் அவ்வளவு நல்லா இருக்கு.

பர்கூர் டிங்கர் | பர்கூர்

தம்பி, உங்க மனசு எனக்குப் புரியுது. அந்தப் பெரியவரை நினைச்சாலும் கஷ்டமா இருக்கு. ஆனா ஜாக்கியில கதவு பிடிக்குதுன்னா வெளித்தகடு மட்டும் போகலை, உள்பெட்டியும் போயிடுச்சு. ரெண்டு பக்கமும் முழுசா திறந்தாத்தான் எவ்வளவு போயிருக்குன்னே தெரியும். தரையும் ஸ்பிரிங் கொக்கியும் கூடவே போயிருக்க வாய்ப்பு அதிகம். வெல்டிங் முடிஞ்சா மறுபடி முழு பெயிண்ட். குறைக்கிற காசு அதுல பாதிக்குக்கூட வராது. என் பட்டறைக்கே வரப்போற வேலையை நான் வேணாங்கறேன், அதுலருந்தே புரிஞ்சுக்கங்க. இதை வாங்காதீங்க.

அந்தப் பெரியவர்கிட்ட ஒண்ணு மட்டும் சொல்லுங்க. வேகமா மேடு பள்ளத்துல எடுக்க வேணாம், விக்கிறதா இருந்தா வாங்குறவங்ககிட்ட இதைச் சொல்லியே விக்கட்டும். செஞ்சு வச்சுக்கணும்னு ஆசைப்பட்டார்னா என் நம்பர் உங்ககிட்ட இருக்கு.

தகடூரான் | தர்மபுரி

ஃபோன்ல சொல்லிட்டேன். "பரவாயில்லப்பா, நீ வந்ததால எனக்கே தெரிஞ்சது"ன்னார். ரெண்டு நாளா சரியா தூக்கம் இல்ல. இழையை மூட வேணாம், தேடிட்டே இருக்கேன்.

தகடூரான் | தர்மபுரி (ஏழு மாசம் கழிச்சு)

கோயம்புத்தூர்ல 1969 வண்டி. ஃபோட்டோ போட்டா யாரும் திரும்பிப் பார்க்க மாட்டீங்க, பெயிண்ட் வெளுத்து சுண்ணாம்பு மாதிரி இருக்கு, துணிக் கூரையில ரெண்டு கிழிசல். ஏத்தத்துல நீலப் புகை விடுது. கம்பி வீல் ரெண்டுல பல் தேய்ஞ்சிருக்கு. ஆனா காந்தம் முன்னேருந்து பின்ன வரைக்கும் ஒரு இடத்துலயும் வழுக்கலை. ஜாக்கியில தூக்கியும் கதவு இடைவெளி அசையலை. பேட்டரித் தொட்டியில ஒண்ணு அரிச்சிருக்கு, அவ்வளவுதான். டிஎன் நம்பர், ஆர்சி உயிரோட இருக்கு, ஸ்டேட் டிரேடிங் கார்ப்பரேஷன் கடிதம் மஞ்சளாப்போய் மடிப்புல கிழிஞ்சிருந்தாலும் படிக்க முடியுது. அஞ்சு வருஷத்துக் கட்டணம் எல்லாத்தையும் தாள்ல எழுதிக் கூட்டி, அதுக்கு மேல ரிங் வேலைக்கும் ஒதுக்கிட்டு, மீதிதான் பேசினேன். ஒத்துக்கிட்டார்.

நேத்து லாரியில வந்து இறங்கிச்சு. மேஸ்திரி எஞ்சினை அடுத்த வாரம் இறக்கறேன்னுட்டார். வெளிச்சம் பத்தலைன்னு பெரியப்பா டார்ச் பிடிக்கிறார். பெட்ரோல் ஓஸ் எல்லாம் மாத்தியாச்சு. ஒரு கேள்வி. சாவியைத் திருப்பினா பின் சக்கரத்துப் பக்கம் டக் டக் டக்னு ஒரு சத்தம், நிக்கவே மாட்டேங்குது. என்னவா இருக்கும்?

ஓசூர் ஸ்பேனர் | ஓசூர்

வாழ்த்துகள் தம்பி, மனசார. அது எஸ்யூ கரன்ட் பெட்ரோல் பம்ப். கார்புரேட்டர் நிறைஞ்சதும் சத்தம் தானா நிக்கணும். நிக்கலைன்னா ஒண்ணு டேங்க்ல பெட்ரோல் இல்ல, இல்லைன்னா எங்கயோ காத்து இழுக்குது, இல்ல எங்கயோ கசியுது. முதல்ல சாவியை அணைச்சுட்டு, புதுசா போட்ட ஓஸ் கிளிப் ஒவ்வொண்ணையும் விரலால தடவிப் பாருங்க. ஈரம் இருந்தா அங்க இறுக்குங்க. அதுக்கப்புறம் டேங்க்ல அஞ்சு லிட்டர் ஊத்திப் பாருங்க.

தகடூரான் | தர்மபுரி

டேங்க் காலிதான்ணா. லாரியில ஏத்துறதுக்கு முன்னாடி அவர் வடிச்சு எடுத்திருக்கார். இப்ப அஞ்சு லிட்டர் ஊத்தினேன், பதினோரு டக் அடிச்சு நின்னுடுச்சு.